விதைப்பு நாளில் வந்த கணக்குப் பரீட்சை

அய்யா தொழுவத்து ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கைக்குள் வைத்து அமுக்கினார். பிறகு விரல்களை விரித்தார். மண் கையில் ஒட்டவில்லை. புட்டு மாதிரிப் பொலபொலவென்று உதிர்ந்தது. அரைகுறை வெளிச்சத்திலும் அவர் முகம் மலர்ந்தது எனக்குத் தெரிந்தது.

நான் தலைவாரிப் பூ வைத்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். கையில் கணக்குப் புத்தகம், அதற்குள் ஹால் டிக்கெட். பத்து மணிக்குக் கோவில்பட்டியில் எனக்குப் பரீட்சை. எஸ்.எஸ்.எல்.சி. கணக்கு, பிரைவேட்டாக.

அய்யா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சேலைய மாத்திட்டு வா தாயி. இன்னைக்குப் பரீட்ச இருக்காது."

அவர் குரலில் கோபம் இல்லை. என்னைத் தடுக்கிற எண்ணமும் இல்லை. இன்றைக்குச் சந்தை கூடாது என்று சொல்வதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னார். மழை பெய்திருக்கிறது, மண் பதமாக இருக்கிறது, ஆகவே பரீட்சை இருக்காது.

வாய்தாவே தள்ளிப்போன ஊர்

ஆற்றுப் பாசனத்து ஊர்க்காரர்களுக்கு அய்யா சொன்னது விளங்காது. எங்கள் ஊர் கயத்தாற்றுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வானம் பார்த்த பூமி; விதைக்கிற நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். புரட்டாசியில் நல்ல மழை ஒன்று விழுந்தால்தான் விதைப்பு. மழை விட்ட அன்றைக்கு நிலத்தில் காலை வைக்க முடியாது. மண், காலோடு பிடித்துக்கொண்டு வரும். நான்கு நாள் வெயில் அடித்துவிட்டாலோ வெடித்துக் கல்லாகிவிடும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற ஒன்றிரண்டு நாள்தான் பதம். அந்த நாளைத் தவறவிட்டவன் அந்த வருஷத்தையே தவறவிட்டவன்.

அதனால் பதம் வந்த அன்றைக்கு எங்கள் பக்கத்தில் வேறு எதுவும் நடக்காது. நிச்சயதார்த்தம் என்றால் தள்ளி வைப்பார்கள். பஞ்சாயத்தில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து போய் ஒருவருக்கொருவர் மாடு இரவல் கொடுப்பார்கள், விதைப்பு முடிந்த பிறகு சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். எங்கள் பெரியப்பா ஒருமுறை வரப்புத் தகராறில் கோர்ட்டு வாய்தாவுக்கே போகாமல் விதைக்கப் போய்விட்டார். மறுவாரம் பயந்துகொண்டே போய் விசாரித்தால், அன்றைக்கு எதிராளியும் வரவில்லை, இருதரப்பு வக்கீலும் வரவில்லையாம். எல்லாருக்கும் காடு இருந்தது. வாய்தா தானாகவே தள்ளிப்போயிருந்தது.

கோர்ட்டே தள்ளிவைக்கும்போது பரீட்சை என்ன பெரிய பரீட்சை? அய்யா அப்படித்தான் நினைத்தார். எங்கள் குடும்பத்தில் பரீட்சை எழுதின ஆள் என்னைத் தவிர யாரும் கிடையாது. எனக்கு முன்னால் எல்லாரும் கைநாட்டு. பரீட்சை எப்படி நடக்கும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

என் கை

இன்னொரு காரணமும் இருந்தது. அது என் கை.

நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த காலத்தில், ஒரு விதைப்பன்று ஏருக்குப் பின்னால் விதை போடுகிற அக்காவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அம்மா என் மடியில் பருத்தி விதையைக் கொட்டி, ஏர் கீறின சாலில் விட்டுக்கொண்டே போகச் சொன்னாள். அந்த வருஷம் எங்கள் காட்டில் பருத்தி வெடித்ததைப் பக்கத்து ஊரிலிருந்து வந்து பார்த்தார்கள். அதிலிருந்து முதல் சாலில் என் கைதான் விதை விட வேண்டும் என்று ஆகிப்போனது. சித்தப்பா வீட்டுக்காரர்களும் வந்து கூப்பிடுவார்கள்.

எனக்கு அதில் பெருமைதான், மறுக்கவில்லை. பஸ் போர்டு வாசித்துச் சொல்கிறவளும் நான்தான், பருத்திக்கு அடிக்கிற மருந்து டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்கிறவளும் நான்தான், கைராசிக்காரியும் நான்தான். கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பேன்.

முந்தின நாள் அம்மா பருத்தி விதையைச் சாணிப்பாலும் செம்மண்ணும் சேர்த்துப் புரட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் உலர்த்தி வைத்திருந்தாள். வீடு முழுக்க அந்த வாசனை. அதை முகர்ந்துகொண்டேதான் நான் வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரத்தைச் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் இரண்டும் மோதிக்கொள்ளும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கடலைமிட்டாய்க் கடை மாடியில்

ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான் உண்டு. அதற்குமேல் படிக்க பஸ் ஏற வேண்டும். வயசுக்கு வந்த பிள்ளையைப் பஸ் ஏற்றக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அய்யாவும் சரி என்றார். எட்டு வருஷம் காட்டுவேலை பார்த்தேன்.

பக்கத்து ஊரில் பால்வாடி வரப்போகிறது, இந்தப் பக்கத்துப் பெண்ணாக இருந்து பத்தாவது பாஸாகியிருந்தால் டீச்சராகப் போடுவார்கள் என்று பேச்சு வந்தபோதுதான் நான் விழித்துக்கொண்டேன். கோவில்பட்டியில் ஞாயிற்றுக்கிழமை டுடோரியல் இருந்தது. இந்தத் தடவை அய்யா யாரையும் கேட்கவில்லை. அவரே கூட வந்து சேர்த்துவிட்டார்.

டுடோரியல், கடலைமிட்டாய் போடுகிற இடத்துக்கு மேல்மாடி. கீழே வெல்லப்பாகு கொதிக்கிற மணம் பதினொரு மணிக்கு மேலே ஏறி வரும். அதற்குப் பிறகு சார் நடத்துகிற எதுவும் எங்கள் மண்டையில் ஏறாது. மில் ஆள், பஸ் கம்பெனி ஆள், தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் என்று பெஞ்சு நிறைய வளர்ந்த பிள்ளைகள். மீசை வைத்த ஒருவர் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து எழுந்து நின்றதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அடுத்த வாரம் அதே இடத்தில் நான் நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் வேலம்மாக்கா. கழுகுமலை ரோட்டில் ஒரு சின்ன ஊர். முப்பதைத் தாண்டியவள். வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். இருக்கிற கொஞ்சம் காட்டை அவள் ஒருத்தியே பார்த்தாள். அவள் மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு முன்னால் தான் பாஸாகிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம்.

"நாளைக்கு அவ, நான் பாஸு, எங்கம்மா பெயிலுன்னு சொல்லிரக் கூடாதுல்லா?" என்பாள்.

கணக்கில் என்னைவிட அவள் கெட்டி. முந்தின பங்குனியில் நாங்கள் இரண்டு பேரும் மற்ற பாடமெல்லாம் தேறி, கணக்கில் மட்டும் சேர்ந்தே கோட்டைவிட்டோம். புரட்டாசியில் மறுபடி எழுதப் பணம் கட்டினோம். பால்வாடி வேலையை எனக்காக அதற்குமேல் யாரும் காத்து வைத்திருக்கப் போவதில்லை. தைக்குள் சர்டிபிகேட் இல்லாவிட்டால் வேறு ஊர்ப் பெண்ணைப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

இதெல்லாம் ஒரு தட்டில். மறு தட்டில் மண்ணின் பதம்.

ஈரம் தெரியாதவன்

வாசலில் நின்றபடியே, பரீட்சை கட்டாயம் நடக்கும் என்று அய்யாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. ரெண்டு நாளாக ஊருக்குள் பஸ்ஸே வரவில்லை, வாத்தியார்மார் எப்படி வருவார்கள், அவர்கள் வீட்டிலும் விதைப்பு இருக்காதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாமே நியாயமான கேள்விகள். அதுதான் என் கஷ்டம்.

"இந்தப் பதம் நாளைக்கழிச்சி வரைக்கும் இருக்குமாய்யா?"

"அதெப்படி இருக்கும்? இப்பிடி வெயிலடிச்சா கல்லாயிரும்லா."

"பரீட்சையும் அப்பிடித்தான்யா. பத்து மணிக்குப் பேப்பரு குடுப்பாவ. வந்தவிய எழுதணும். வராதவியள விட்டுட்டுப் போயிருவாவ."

"இங்கன மழ பெஞ்சிருக்கது அவியளுக்குத் தெரியாதாக்கும்?"

"மெட்ராசுல வச்சிப் பேப்பரு அடிக்காவய்யா. அங்கன இருக்கவியளுக்கு நம்ம ஈரம் எப்பிடித் தெரியும்?"

அய்யா கையில் மிச்சமிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"ஈரந் தெரியாதவன் கையிலயாட்டி ஒம் படிப்பக் குடுத்து வச்சிருக்கே?"

கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுதால் போகவிடுவார் என்று தெரியும். ஆனால் அழுது வாங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வெயில் கொஞ்சம் ஏறி, நல்ல நேரம் பார்த்து, எட்டு மணிக்குமேல்தான் எங்கள் வீட்டில் ஏர் பூட்டுவார்கள். அதுவரை நான் இருந்தால் ரோட்டுக்கு நடந்து போய்ப் பஸ் பிடித்துப் பத்து மணிக்குள் கோவில்பட்டி சேர முடியாது. அம்மாவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அடுப்படியிலிருந்து வெளியே வந்து அய்யாவைப் பார்த்துப் பேசினாள், என்னைப் பார்க்கவில்லை.

"இவ கை வெதை விடாம, வெள்ளாம கொறஞ்சி போச்சின்னா என்ன சொல்லுவாவ? படிக்கப் போனா, காடு போச்சின்னு காலத்துக்கும் இவ தலையிலல்லா ஏத்துவாவ."

அம்மா எனக்காகப் பட்ட பயம் அது. எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. கைராசியை நான் நம்பினேனா என்று கேட்டால், மற்றவர்கள் சொல்லும்போது நம்பினேன்.

அய்யா உள்ளே போய் விதை இருந்த நார்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் முன்னால் நீட்டினார்.

"ரெண்டு கையாலயும் அள்ளி அம்மா மடியில போடு."

போட்டேன்.

"மொதப்பிடி ஒங்கையி குடுத்தது. போதும். கெளம்பு."

அம்மா முணுமுணுத்தாள். இப்படி ஒரு வழக்கம் எங்கேயாவது உண்டா என்றாள்.

"இன்னைக்கிருந்து உண்டு" என்றார் அய்யா. "ஊர்க்காரன் கேக்க வந்தாம்னா எங்கிட்ட அனுப்பு."

காலி பெஞ்சுகள்

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். மேட்டுக்காட்டில்தான் பதம் வந்திருந்தது. வண்டிப்பாதைப் பள்ளத்தில் இன்னும் சேறுதான். பத்து அடி வைப்பதற்குள் ஒவ்வொரு காலும் அம்மிக்கல் கனம் கனத்தது. நின்று குச்சியால் வழித்துவிட்டு மறுபடி நடப்பேன். இரண்டு பக்கக் காட்டிலும் ஏர் இறங்கத் தொடங்கியிருந்தது. தெரிந்தவர்கள் எல்லாரும் கூப்பிட்டுக் கேட்டார்கள், விதைப்பன்று பூ வைத்துக்கொண்டு எங்கே போகிறாய் என்று. பரீட்சைக்கு என்றேன். ஒரு சித்தப்பா மாட்டை நிறுத்திவிட்டே சிரித்தார்.

"ஏட்டி, இன்னைக்கு எவன்ட்டி பரீட்ச வைப்பான்?"

ரோட்டுக்கு வந்து பஸ் ஏறி, கோவில்பட்டியில் இறங்கி ஓடினேன். பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக் குழாயில் முழங்கால் வரை கழுவிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. ஈரக் காலோடு ஹாலுக்குள் நுழைந்தேன்.

ஹாலில் பாதிப் பெஞ்சு காலி.

முதலில் தவறான அறைக்கு வந்துவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை, என் நம்பர் இருந்தது. டவுன் பையன்களும் மில் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். டுடோரியலில் எனக்குத் தெரிந்த கிராமத்து முகங்கள் ஒன்றிரண்டுதான். வேலம்மாக்காவின் இடத்தில் விடைத்தாள் மட்டும் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர் போலிருந்த ஹால் சூப்பர்வைசர், என்ன இத்தனை பேர் ஆப்சென்ட், முந்தின பரீட்சைக்கெல்லாம் வந்தார்களே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நம்பர்களைச் சுழித்துக்கொண்டே போனார்.

அவர்கள் எல்லாரும் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்கு நான் சொல்லியிருக்கலாம். ஹால் ஜன்னலுக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. அந்த வெயிலில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சாலுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார்கள். அய்யாவைப் போலவேதான் அவர்கள் வீட்டிலும் நினைத்திருப்பார்கள், இன்றைக்குப் பரீட்சை இருக்காது என்று. என் அய்யா ஒருவர் தெரியாமல் பேசுகிறார் என்று காலையில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. இங்கே வந்து பார்த்தால் ஒரு வட்டாரமே அப்படித்தான் இருந்தது.

கேள்வித்தாளை வாங்கினேன். வராதவர்களை நினைத்துக்கொண்டே எழுதினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் முதல் கணக்கைத் தொட்ட பிறகு எனக்கு யார் நினைவும் வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாதிப் பேர் வரவில்லை என்று சொன்னதும் அய்யாவுக்கு ஒரே சந்தோஷம்.

"நாஞ் சொன்னேம்லா. பாதிப்பேரு வரலன்னா பாதிப் பரீட்ச நடக்கலன்னுதான அர்த்தம்?"

வேலம்மாக்காவின் காட்டில்

கார்த்திகை கழிந்து ரிசல்ட் வந்தது. ரோட்டு மேல் டீக்கடையில் பேப்பரை விரித்துப் பார்த்தபோது என் நம்பர் இருந்தது. அந்த நம்பரை விரலால் தொட்டுப் பார்த்தேன். மை கையில் ஒட்டியது. தையில் பால்வாடியில் சேர்ந்தேன். எங்கள் காட்டில் அந்த வருஷம் வெள்ளாமை நடுத்தரம். கூடியிருந்தால் அய்யா புதிதாகப் போட்ட வழக்கம் ஊரெல்லாம் பரவியிருக்கும், குறைந்திருந்தால் அம்மா சொன்னது நடந்திருக்கும். ஒன்றும் ஆகாமல் தப்பித்தோம்.

வேலையில் சேர்வதற்கு முன்னால், வேலம்மாக்காவைப் பார்க்கப் போனேன். பருத்திக்கு நடுவே ஊடுபயிராகப் போட்டிருந்த உளுந்தில் களை பறித்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்லத்தான் போனேன். அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லாமல் போய்விட்டார்களே என்ற வருத்தம் எனக்கு.

"அன்னைக்குப் பரீட்ச நடந்துச்சுக்கா. தள்ளி வைக்கல" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் சிரித்தாள்.

"எனக்குத் தெரியாதாக்கும்? காலைல எந்திரிச்சி ஹால் டிக்கெட்ட எடுத்து மடியில சொருகிக்கிட்டுத்தான் காட்டுக்கு வந்தேன். பொழுது உச்சிக்கு வார வரைக்கும் மனசு அங்கனதான் கெடந்துச்சு."

"பெறகு ஏங்க்கா வரல?"

"பரீட்ச பங்குனியில திரும்பி வரும். மழ வருமாட்டி? ஒனக்கு அங்கன ஏரு பிடிக்க ஒங்கய்யா இருந்தாவ, வெத விட ஒங்கம்மா இருந்தாவ. நீ போன. எனக்கு நாந்தான எல்லாம்?"

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். சேற்றில் நடந்து போனதைப் பற்றி அதுவரை பலபேரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அய்யா ஏர் பூட்டியதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அவள் வேலியோரம் படர்ந்திருந்த கொடியில் அதலக்காய் பறித்து என் முந்தானையில் போட்டாள். டீச்சர் வீட்டுக்கு வந்தால் வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம்.

பங்குனியில் அவள் கணக்குப் பரீட்சை எழுதப் போன அன்றைக்கு, அவள் காட்டில் பருத்தி வெடித்துக் கிடந்தது. அன்றைக்கு எடுக்காவிட்டால் காற்று கொண்டுபோய்விடும். நான் பால்வாடிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். அய்யாவும் கேட்காமலேயே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கூட வந்துவிட்டார். ஆளுக்கு ஒரு வரிசையாகப் பொழுது சாயும்வரை எடுத்தோம்.

வேலம்மாக்கா பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே காட்டுக்குத்தான் வந்தாள். பேனா இன்னும் கையில் இருந்தது. குவித்து வைத்திருந்த பருத்தியில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"என்னட்டி டீச்சரு, இம்புட்டுச் சருகோட எடுத்து வச்சிருக்கே? யாவாரி கையால தொடுவானா?"

"பரீட்ச எப்பிடிக்கா?"

"அதுல ஒண்ணுமில்ல, எல்லாம் போட்டுட்டேன். இதத்தான் திரும்பப் பொறுக்கணும்."

அய்யா தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். மூன்று பேரும் குவியலைச் சுற்றி உட்கார்ந்து, கண் தெரிகிற வரைக்கும் சருகு பொறுக்கினோம்.